நடத்துநரின் வாத்தியம்

பழைய இசைத்தட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றுவது என் வேலை. தட்டைக் கழுவி, ஊசியைச் சரிபார்த்து ஓடவிட்டால், முடியும்வரை கேட்டே ஆகவேண்டும். ருமேனியாவின் எலெக்ட்ரெகார்ட் தட்டுகள் வந்தபோது, உறையிலிருந்த பெயர்களைப் பதிந்துகொண்டே அந்த மனிதர்களைப் பற்றியும் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

கம்யூனிஸ்ட் ஆட்சியில் அங்கே இருந்த ஒரே இசைத்தட்டு நிறுவனம் அது. அரசு நிறுவனம். அரங்கம், வானொலி, வெளிநாட்டுப் பயண அனுமதி எல்லாமே அரசின் கையில். மேடை மறுக்கப்பட்ட பியானோ கலைஞர் வீட்டிலாவது உட்கார்ந்து வாசிக்கலாம். இசைக்குழு நடத்துநருக்கு அந்த வழியும் இல்லை. அவருடைய வாத்தியமே எண்பது, நூறு மனிதர்கள்தான். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் அரசு வேண்டாமென்றால் வெறும் கோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நடத்துநர் ஜார்ஜ் ஜார்ஜெஸ்கு 1920 முதல் புக்கரெஸ்ட் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை வளர்த்தெடுத்தவர். போர்க்காலத்தில் ஜெர்மனியின் பிடியிலிருந்த நாடுகளில் நிகழ்ச்சி நடத்தியது குற்றமானது. 1944-இல் பதவி போயிற்று. அதே குழுவின் தலைமைக்குத் திரும்பியது 1954-இல். ஒரு நடத்துநர் நன்றாகக் கனிந்திருக்கும் பத்தாண்டுகள் அவர் உருவாக்கிய குழுவுக்குக் கிடைக்காமலே போய்விட்டன.

இடையில் அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் கான்ஸ்டன்டின் சில்வெஸ்ட்ரி. பின்னாளில் அவர் நாட்டைவிட்டுப் போய், 1961-இல் இங்கிலாந்தின் போர்ன்மவுத் குழுவை ஏற்றார். 1969-இல் இறந்தபோது வயது 55. இன்னொரு நடத்துநரான செர்ஜு செலிபிடாக்கே கம்யூனிஸ்டுகள் வருவதற்கு முன்பே பெர்லினுக்குப் படிக்கப் போனவர். உலகம் நன்றாக அறிந்தது வெளியே போன இந்த இருவரைத்தான்.

ருமேனியாவின் இசையமைப்பாளரும் வயலின் கலைஞருமான ஜார்ஜ் எனெஸ்கு 1946-இல் நாட்டைவிட்டுப் போய் 1955-இல் பாரிஸில் காலமானார். அதன்பின் பில்ஹார்மோனிக்குக்கு அவர் பெயரைச் சூட்டியது அரசு. 1958-இல் அவர் பெயரிலேயே விழாவும் எடுத்தது. அவருடைய மாணவர் மெனுஹினும் சோவியத்திலிருந்து ஆய்ஸ்ட்ராக்கும் அங்கே சேர்ந்து வயலின் வாசித்தார்கள். அந்த மேடையில் எனெஸ்கு உயிரோடு நின்றிருக்க வேண்டும் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

ஜார்ஜெஸ்கு எழுபதைத் தாண்டிய பிறகு, 1961, 62-இல், பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் எலெக்ட்ரெகார்டுக்காகப் பதிவு செய்தார். 1964-இல் மறைந்தார். மேற்கத்திய நிறுவனங்களின் அன்றைய பதிவுகளோடு ஒலித் தெளிவில் இவை போட்டியிட முடியாதுதான். ஆனால் மூன்றாவது சிம்பொனியின் இரங்கல் பகுதியை அவர் இழுத்துப் போகும் நிதானம் இருக்கிறதே, அது வேறு. அந்தப் பகுதியில் மட்டும் இரைச்சல் நீக்கும் மென்பொருளை நான் தொடவே இல்லை. சத்தத்தைத் துடைக்கப் போய், செல்லோக்களின் அடிநாதமும் சேர்ந்து போய்விடக் கூடாது.