போட்டிக்குப் போகாத பிள்ளைகள்: ஒரு சங்கீத அறையின் நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

தமிழ் மொழித் தினப் போட்டியின் குழு இசைக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்து முடித்தாயிற்று. தெரிவானவர்களில் அநேகர் வெளியிலும் சங்கீதம் கற்பவர்கள், வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைக்குத் தோற்றுபவர்கள். நன்றாகப் பாடுவார்கள், சந்தேகமில்லை. கோட்டம், வலயம், மாகாணம் என்று அவர்கள் முன்னேற முன்னேற, பாடசாலையின் ஒரே ஓர்கனும் ஒரே மிருதங்கமும் பின்னேர வகுப்புகளும் அவர்களைச் சுற்றியே நிற்கும்.

மற்றப் பிள்ளைகள் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசாமல் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தரம் 9 வரைதான் சங்கீதம் அடங்கும் அழகியல் கட்டாயப் பாடம். தரம் 10 இல் அது தெரிவுப் பாடமாகிவிடும். கணிதமும் விஞ்ஞானமும் நெருக்க, பலர் சங்கீதத்தை அத்தோடு விட்டுவிடுவார்கள். பாடசாலையில் இசை யாருக்காக இருக்கிறது என்று கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பிள்ளைகள்தான். மேடையில் பாடக்கூடியவளுக்கு நான் இல்லாவிட்டாலும் வேறொரு குரு கிடைப்பார்.

இரண்டாவது குழு ஒன்றைத் தொடங்கப்போகிறேன். விரும்பிய எவரும் வரலாம், குரல் பரிசோதனை கிடையாது. ஜூலை 19 தமிழிசை ஆய்வாளர் விபுலானந்த அடிகளின் நினைவு நாள். அந்த வார நிகழ்வில் இவர்கள் இசைப்பார்கள் என்று அதிபரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒப்புக்கொண்டார்.

ஜூன் 5, வியாழன்

எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். அறைக்குள் இடம் போதாமல் பாயை விறாந்தையில் விரித்தோம். கச்சான் காற்று மணலை அள்ளி வீசியது. மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், பூசிய ரவை பாதி நேரத்துக்குள் காய்ந்து பொருக்காக உதிர்ந்தது.

தரம் 9 ஆண் பிள்ளைகள் வாயை மட்டும் அசைக்கிறார்கள். குரல் உடைகிற வயது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கும்போது குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது; அது முடியும்வரை மேலே போனால் கீச்சிடும், கீழே போனால் காற்றுத்தான் வரும். "நீ பின்னுக்கு நின்று சும்மா வாயை அசை" என்று இந்த வயதில் ஒரு பையனிடம் சொல்வது பெரிய அநியாயம். அதைக் கேட்டவர்களில் பலர் பிறகு வாழ்நாளில் பாடுவதேயில்லை.

ஒவ்வொருவரையும் தனியே அழைத்து எந்தச் சுரங்கள் சிரமமில்லாமல் வருகின்றன என்று பார்த்தேன். நாலரைக் கட்டையில் (ஓர்கனில் F#) சட்ஜம் வைத்தால், அநேகமாக எல்லா ஆண் பிள்ளைகளுக்கும் கீழ் ஸ்தாயிப் பஞ்சமத்திலிருந்து நடு ஸ்தாயிக் காந்தாரம் வரை தொல்லையில்லாமல் வருகிறது. பெண் பிள்ளைகளுக்கு அதே சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம்வரை தாராளம். ஆகவே ஒரே சுருதி போதும். மேலே ஏறும் வரிகள் பெண்களுக்கு, இறங்கும் வரிகள் ஆண்களுக்கு, நடுவில் சந்திக்கும் வரி எல்லோருக்கும். ப த ச ரி க. ஆண்களின் வரிகளுக்கு இந்த ஐந்து சுரங்களுக்குள் அடங்கும் மெட்டு வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

பௌர்ணமி, போயா விடுமுறை. ஊரெல்லாம் கண்ணகி அம்மன் சடங்கு. நேற்றிரவு அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்குக்குப் போனேன். காவியம் பாடுகிறவர்களின் அருகில், உடுக்கோடு, என் தரம் 8 மாணவன்! இடைக்கயிற்றை விரல்களால் இறுக்கியும் தளர்த்தியும் உடுக்கின் நாதத்தைப் பாட்டோடு ஏற்றி இறக்கினான். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் அவன் கையும் நின்றது. வகுப்பில் ஆதி தாளம் போடச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளை இவன்.

ஜூன் 12, வியாழன்

இன்று நடந்ததை விரிவாகவே எழுதவேண்டும்.

ஓர்கனை முன்பின் தொடாதவர்கள் பலர். "கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடுங்கள், எதைத் தொட்டாலும் பிழை வராது" என்றேன். நாலரைக் கட்டையிலிருந்து கறுப்புக் கட்டைகளாகவே மேலே போனால் மோகன ராகம். ஒரு பிள்ளை ஒவ்வொன்றாக அழுத்த, மற்றவர்கள் சுரம் சொன்னார்கள். பிறகு தொடக்கத்தை மாற்றச் சொன்னேன். அதே கட்டைகள்தான், ஆனால் ஐந்தரையைச் சட்ஜமாக வைத்தால் மத்யமாவதி. ஆறரையில் ஹிந்தோளம். ஒன்றரையில் சுத்த சாவேரி. இரண்டரையில் சுத்த தன்யாசி. ஹிந்தோளம் வந்தபோது ஒரு சிறுமி "ரீச்சர், இது கவலையாக இருக்கிறது, எந்தக் கட்டையை மாற்றினீர்கள்?" என்று கேட்டாள். ஒன்றையும் மாற்றவில்லை என்பதை நம்பாமல், தானே எழுந்து வந்து வாசித்துப் பார்த்தாள். மறுபடியும் வாசித்தாள்.

அப்போதுதான் அடிகளைப் பற்றிச் சொன்னேன். நினைவு நாள் என்றால் படத்துக்கு மாலை போட்டுப் பேச்சுப் போட்டி வைப்பது என்றே பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். காரைதீவில் 1892 இல் பிறந்த அந்த மனிதர், ஒரே யாழ் நரம்புத் தொகுதியில் தொடக்க நரம்பை மாற்ற வேறு வேறு பாலைகள், அதாவது பழந்தமிழ்ச் சுர அடுக்குகள், பிறப்பதைக் கணக்கிட்டு எழுதினார். அவரது யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். "இப்போது நீங்கள் கையால் செய்து பார்த்ததும் அதே தத்துவம்தான்" என்றேன். அறை அமைதியாக இருந்தது. பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓர்கன் வேண்டியிருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் மத்தளத்தோடு வந்தார். "பிள்ளை, முதலில் வாயால் சொல்லட்டும், பிறகு காலால் சொல்லட்டும், கை தானாக வரும்" என்றார். ததித்துளாதக ததிங்கிணதோம். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று மிதித்தார்கள். உடுக்குப் பிள்ளை இன்று தலையைக் குனியவில்லை. அண்ணாவியார் அவனைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார்.

ஜூன் 20, வெள்ளி

இன்னொரு மாணவன், நேற்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து, தன் தாத்தா பறை அடிப்பவர் என்று சொன்னான். வீட்டில் தம்பட்டமும் இருக்கிறதாம். தனக்கும் அடிக்கத் தெரியுமாம். இதை வேறு யாருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

அவன் கேட்டபடி யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் இன்று, குழுவில் பறை சேர்க்கலாமா என்று பொதுவாகப் பிள்ளைகளிடம் கேட்டேன். மாலையிலேயே ஒரு தகப்பன் தொலைபேசியில் அழைத்தார். தன் பிள்ளை பறையைத் தொடக்கூடாது, அது பக்கத்தில் ஒலிக்கும் மேடையிலும் ஏறக்கூடாது என்றார். நீண்ட நேரம் பேசினேன். நம் கோயில் சடங்குகளில் பறை இல்லாமல் எத்தனை நடக்கும் என்று கேட்டேன். பறை ஒலிக்கலாம், அதை அடிப்பவன் நம் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்பது இசையைப் பற்றிய பேச்சே அல்ல என்று நேராகவே சொன்னேன். அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

அதிபரிடம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இன்னியத்தைப் பற்றிப் பேசினேன். பேராசிரியர் மௌனகுரு உருவாக்கிய அந்த அணியில் பறையும் மத்தளமும் உடுக்கும் சங்கும் ஒன்றாக முழங்கும். கூத்து உடையிலேயே அணிவகுத்து வருவார்கள். விருந்தினரை வரவேற்க மேற்கத்தேய பாண்ட் வாத்தியம் மட்டும்தான் என்றிருந்த இடத்துக்கு அது வந்து சேர்ந்தது. பாண்ட் வாத்தியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பாண்ட் பிள்ளைகள் வெயிலில் படும் பாடு எனக்குத் தெரியும். பறைக்கும் அதே வாசலில் இடம் வேண்டும் என்கிறேன். அதிபர் யோசித்துவிட்டு, "பறையும் வரட்டும். பெற்றோர் யாராவது வந்தால் என்னிடம் அனுப்புங்கள்" என்றார். அவர் இப்படித் தெளிவாகச் சொன்னது எனக்குப் பெரும் பலம்.

பறை அடிக்கத் தெரிந்த பிள்ளையிடம் இதைச் சொன்னேன். தாத்தாவையும் அழைக்கலாமா என்று அவனே கேட்டான்.

ஜூன் 28, சனி

தாத்தா வந்தார். கதிரையைக் காட்டினால் உட்காரவில்லை. அண்ணாவியார் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பறையில் கோயிலுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, கூத்துக்கு வேறோர் அடி என்று பிரித்துப் பிரித்து அடித்துக் காட்டினார். பேரன் தம்பட்டத்தில் தொடர்ந்தான். தொலைபேசியில் பேசிய தகப்பனின் பிள்ளை இன்று வரவில்லை. அவளுடைய வரியை யாருக்கும் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை அவர்கள் வீட்டுக்கு நேரில் போகிறேன்.

பாட்டின் ஒழுங்கு இப்போதைக்கு இப்படி: உடுக்கு தனியாக, அதன் மேல் ஆண் பிள்ளைகளின் தாழ்ந்த வரி, பிறகு பெண் பிள்ளைகள், மத்தளம், கடைசியில் பறையோடு எல்லோரும். பறை நுழைந்ததும் எல்லோரும் கத்திவிடுகிறார்கள். அதைத் திருத்தவேண்டும், பக்கத்தில் பாடுகிறவரின் குரல் காதில் விழாவிட்டால் தன் குரல் அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமையும் பயிற்சி உண்டு. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலத்தால் வரும் பிள்ளைகளின் பஸ் வந்து சேர்ந்த பிறகே தொடங்குவோம்.