நான் எடுத்துவிடச் சொன்ன துண்டறிக்கை

எழுத்து வேலை தேடுவதற்காக ஒரு மாணவி தன் எழுத்து மாதிரிகளைப் போர்ட்ஃபோலியோவாகத் தொகுத்து என்னிடம் காட்டினாள். அதில் இருந்த ஒரு துண்டறிக்கையைப் பார்த்து, "இதை எடுத்துவிடு" என்று சொன்னதும் அவள் வாதாடவில்லை. மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி அந்தப் பக்கத்தை அழித்தாள். அழித்த பிறகுதான் சொன்னாள்: "நாலு வரிதான் என்னோடது அக்கா. ஆனா அந்த நாலு வரிக்கு மூணு வாரம் ஆச்சு."

"நாலு வரிக்கு யாரும் வேலை தரமாட்டாங்க" என்றேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும். 'அக்கா' என்ற சொல் மட்டும் தமிழாகவே மிஞ்சியிருக்கிறது. அந்தச் சொல்லோடு பேசியவளுக்கு நான் கொடுத்த பதில் சரிதானா என்று இன்றும் எனக்குத் தீரவில்லை.

அது ஏ5 அளவில் ஒற்றைத் தாள். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் ஜூலு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் மக்கள் டேங்கர் லாரியை நம்பியிருந்தபோது, வகுப்புப் பணியாக நான்கு மாணவர்கள் சேர்ந்து செய்தது. ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசினார், ஒருவர் ஜூலுவில் எழுதினார், ஒருவர் பக்கம் அமைத்தார். ஆங்கில வாசகம் இவளுடையது. முதல் வரைவில் இருந்த வாக்கியம், "டேங்கர் நீரை அருந்துமுன் தகுந்த முறையில் சுத்திகரித்துக்கொள்ளுமாறு குடியிருப்போர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." கடைசியில் அச்சானது இது: "டேங்கர் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் அடுப்பிலேயே இருக்கட்டும். மூடி ஆறவிடுங்கள். டேங்கரில் பிடித்த அதே வாளியில் திரும்ப ஊற்றாதீர்கள்."

நான்காவது வரிக்குத்தான் மூன்று வாரம். முதல் பதிப்பைக் கொடுத்துவிட்டு இரண்டாம் முறை போனபோதுதான் பார்த்தார்கள்: மக்கள் சொன்னபடி கொதிக்க வைக்கிறார்கள், ஆறியதும் கழுவாத பழைய வாளியிலேயே கொட்டுகிறார்கள். முதல் பதிப்பு அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

நான் மறுத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கூட்டாகச் செய்த பணியைத் தன் பெயரில் வைப்பதுதான் கல்லூரி முடித்து வருகிறவர்களின் போர்ட்ஃபோலியோவில் நான் அதிகம் பார்க்கும் தவறு. நேர்காணலில் "இந்தத் தலைப்பை ஏன் இப்படி வைத்தீர்கள்?" என்று கேட்டதும் முகம் வாடிவிடும், தலைப்பு வைத்தது வேறொருவர். அதற்குப் பிறகு மற்ற மாதிரிகளையும் யாரும் நம்பிப் படிப்பதில்லை. மேலும் அவள் வைத்திருந்தது நிழல் விழுந்த ஜெராக்ஸின் புகைப்படம். ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில்தான் திறக்கிறார்கள். அந்தத் திரையில் அது சாம்பல் நிறக் கறையாகத்தான் தெரியும்.

ஆனால் அதை எடுத்த பிறகு மிச்சம் என்ன இருந்தது? கல்லூரிக் கட்டுரைகள் இரண்டு, ஒரு தரை ஓடு கடைக்கு எழுதிய வலைப்பதிவுகள் மூன்று, கோயில் மலருக்கு எழுதிய தமிழ்க் கட்டுரை ஒன்று. ஆறுமே பிழையில்லாதவை. ஆறில் ஒன்றில்கூட, எழுதியவள் எதையோ கண்டுபிடித்து அதற்காக வாக்கியத்தை மாற்றினாள் என்பது தெரியவில்லை.

அந்த ஆறையும் சீராக்க நான் சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. 3,000 சொல் கல்லூரிக் கட்டுரையை அப்படியே வைக்கக் கூடாது. முந்தைய ஆய்வுகளைச் சொல்லும் பகுதியை முதலில் வெட்ட வேண்டும். அதிலேயே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். முடிவுரையில் ஒளிந்திருக்கும் கருத்தைத் தூக்கி முதல் பத்திக்குக் கொண்டுவந்து, 700, 800 சொல்லில் நிறுத்த வேண்டும். பேராசிரியர் போட்ட மதிப்பெண்ணை எழுத வேண்டாம். மூலக் கட்டுரையைத் தனியாக வைத்துக்கொண்டால், கேட்பவருக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டலாம்; செப்பனிடும் திறமைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஃப்ரீலான்ஸ் வேலையில் சிக்கல் வேறு. தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக எழுதினால் உரிமை பொதுவாக முதலாளிக்கு. வெளியிலிருந்து எழுதிக் கொடுத்த கட்டுரையின் உரிமை எழுதியவருக்கே. அதை மாற்றிக் கொடுக்க எழுத்தில் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். ஆனால் ஒப்பந்தத் தாளில் "பணம் பெற்றதும் எல்லா உரிமையும் எங்களுக்கு" என்று ஒரு வரி இருக்கும், படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். போடுமுன், "எழுதியவர் மாதிரியாகக் காட்டலாம்" என்று ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. வேறொருவர் பெயரில் எழுதிக் கொடுத்ததை அனுமதி இல்லாமல் காட்டவே கூடாது. ரகசியம் காப்பதாக ஒப்புக்கொண்டிருந்தால் உரிமை யாருடையது என்ற கேள்வியே எழாது, காட்ட முடியாது, அவ்வளவுதான்.

வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண்களை மறைக்கும்போது நடக்கும் விபத்தையும் சொல்ல வேண்டும். கறுப்புப் பெட்டியை மேலே வரைந்து பிடிஎஃப் ஆக்கினால், பெட்டிக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும். தேர்ந்தெடுத்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் வந்துவிடும். எழுத்தையே அழித்துவிட்டுப் புதிதாகப் பிடிஎஃப் எடுக்க வேண்டும். வேர்டு கோப்பில் திருத்தக் குறிப்புகளும் முந்தைய ஆசிரியரின் பெயரும் கூடவே போகும், அதையும் பார்க்க வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாகச் செயலில் இருக்கும் நாட்டில் இது வெறும் நாகரிகம் பற்றிய விஷயமும் அல்ல.

தமிழ்க் கட்டுரையைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தாள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். யூனிகோடுக்கு மாற்றி, 'ற', 'ர' குழப்பங்களைக் கையால் சரிபார்த்து, எழுத்துருவைப் பிடிஎஃபிலேயே பதித்து வைத்தோம். மொத்தக் கோப்பையும் 5 எம்பிக்குள் அடக்கினோம். இங்கே டேட்டா மலிவில்லை. 40 எம்பி கோப்பைக் கைப்பேசியில் இறக்க யாரும் காத்திருக்க மாட்டார்கள். பகிர்வு இணைப்பை வேறு கணக்கிலிருந்து திறந்து பார்த்தோம். 'அனுமதி கேளுங்கள்' என்று வந்தால் கேட்கமாட்டார்கள், அடுத்தவருக்குப் போய்விடுவார்கள். வெளியான கட்டுரைகளுக்கு இணைப்பை மட்டும் நம்பாமல் நகல் எடுத்தோம். கடை மூடினால் வலைத்தளமும் போய்விடும்.

இவ்வளவு செய்யத் தெரிந்த எனக்கு, துண்டறிக்கைக்கு ஒரு குறிப்பு எழுதலாம் என்று மட்டும் தோன்றவில்லை. ஒவ்வொரு மாதிரிக்கும் மேலே 60, 70 சொல்லில் குறிப்பு வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்கிறவள் நான். யாருக்காக, என்ன கேட்டார்கள், இதில் நான் செய்தது எது, செய்யாதது எது, பிறகு என்ன மாறியது. இந்த ஐந்தும் இருந்தால் கூட்டுப் பணி என்பது குறையே இல்லை. இப்போது எழுதிப் பார்த்தேன்:

"டோங்காட்டில் டேங்கர் நீரைப் பயன்படுத்திய வீடுகளுக்காக நான்கு மாணவர்கள் செய்த இருமொழித் துண்டறிக்கை. ஆங்கில வாசகம் என்னுடையது. ஜூலு வாசகம், கள விசாரிப்பு, பக்க அமைப்பு மற்ற மூவருடையவை. முதல் பதிப்பில் கொதிக்க வைப்பதோடு நிறுத்தினோம். இரண்டாம் முறை போனபோது, ஆறிய நீர் பழைய வாளிக்கே திரும்புவதைக் கண்டோம். நான்காவது வரியைச் சேர்த்தேன். இடம் போதாததால் நன்றியுரையை எடுத்தேன்."

நல்ல குறிப்பு என்றுதான் நினைக்கிறேன். மறுநிமிடமே வேறு கணக்கு ஓடுகிறது. மற்ற மூவரிடமும் கேட்க வேண்டும். அவர்களில் ஒருவர் அந்த வரி தான் சொன்னது என்றால்? களத்தில் பார்த்தவர் வேறு, எழுதியவள் இவள். 'சேர்த்தேன்' என்ற சொல் அங்கே எவ்வளவு நியாயம்? அப்படியானால் எடுத்துவிடச் சொன்னதே சரியா? இல்லை. அந்தக் கேள்விகளை அவளிடம் கேட்டிருக்க வேண்டும், அவளுக்குப் பதில் தெரிந்திருக்கும். நான் கேட்காமல் தீர்ப்புச் சொன்னேன். என் வேலை அந்த நேரத்தில் ஆறு நாளாகத் தேங்கிக் கிடந்தது என்பது உண்மை. ஆனால் அந்தக் கேள்விகளுக்குப் பத்து நிமிடம் போதும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. கல்லூரிக் கணக்கில் இருக்கும் கோப்புகளைப் பட்டமளிப்புக்கு முன்பே சொந்தக் கணக்குக்கு மாற்றிவிடச் சொல்வேன், பட்டம் வாங்கிய பிறகு கணக்கு மூடப்படலாம் என்பதற்காக. அவளிடமும் சொன்னேன், போர்ட்ஃபோலியோவில் இருந்த ஆறு கோப்புகளையும் அன்றே மாற்றினோம். துண்டறிக்கையின் இரண்டு பதிப்புகளும் அந்த ஆறில் இல்லை. அவள் பட்டம் வாங்கி ஒன்பது மாதமாகிறது. இந்தக் குறிப்பை அனுப்புமுன், அந்தக் கணக்கு இன்னும் திறக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.