பாட்டி பெயர் வைக்கலாம், பதிவதுதான் பாடு

சிவகாமி, கோமதி, உமையாள், தெய்வானை, கதிரேசன், வேலாயுதம் என்று தாத்தா பாட்டி பெயர்களெல்லாம் மறுபடி தொட்டிலுக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஷ, ஹ, ஜ இல்லாமல் பெயரே கிடையாது என்றிருந்த காலம் பலருக்கும் சலித்துவிட்டது. வீட்டில் சம்மதம் வாங்குவதில் சிரமமே இல்லை, பெரியவர்கள் உடனே தலையாட்டிவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழில் அந்தப் பெயர் பிழையில்லாமல் ஏறுவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

எங்கள் மகளுக்கு விசாலாட்சி என்று முடிவு செய்து விண்ணப்பத்தைக் கொடுத்தோம். வாங்கிப் பார்த்த எழுத்தர், “பாட்டி பேரை எழுதியிருக்கீங்க, கொழந்த பேரு எங்க?” என்றார். அதுதான் குழந்தை பெயர் என்றதும் ஒரு சிரிப்பு. “ஸ்கூல்ல கூப்பிடக் கஷ்டம் சார், ஷார்ட்டா ஏதாவது வைங்க” என்று இலவச ஆலோசனை வேறு. அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எதிரில் இருக்கிற தாளைப் பார்க்காமல், காதில் விழுந்ததை வைத்துத் தட்டச்சு செய்துவிட்டார். தமிழில் ‘விசலாச்சி’ என்று வந்தது, ஆங்கிலத்தில் எஸ்-க்குப் பக்கத்தில் கேட்காத ஓர் எச் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள், பெயர் இல்லாத சான்றிதழ் வந்துவிடும். பெயரைப் பிறகு சேர்க்கலாம். பதிவு நாளிலிருந்து 12 மாதம்வரை கட்டணம் கிடையாது. அதைத் தாண்டினால் 15 ஆண்டுவரை தமிழ்நாட்டில் 200 ரூபாய் தாமதக் கட்டணம். பலர் கோட்டை விடுவது எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதில். தாய்வீட்டுக்குப் போய்ப் பிரசவம் ஆகியிருந்தால், நீங்கள் குடியிருக்கும் ஊர் நகராட்சியில் எவ்வளவு நேரம் நின்றாலும் வேலை ஆகாது. குழந்தை பிறந்த இடத்தின் பதிவாளரிடம்தான் பதிவு இருக்கும். எந்த ஊர்ப் பதிவேட்டில் பதிவு இருக்கிறது என்பது சான்றிதழிலேயே அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பழைய பெயரில் பெரிய வில்லங்கம் எழுத்துக்கூட்டு. புதுப் பெயர்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் யோசித்துத்தான் வைக்கிறார்கள், அதனால் எழுத்துகள் முன்பே முடிவாகியிருக்கும். பாட்டி பெயர் அப்படியில்லை. விசாலாட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரத்தில் ‘விசாலாக்ஷி’ என்று இருக்கும், ஓய்வூதியப் புத்தகத்தில் ‘விசாலாட்சி’. ஆங்கிலத்தில் கடைசி அசைக்கு கே-எஸ்-எச்-ஐ போடுகிறவர்களும் உண்டு, டி-சி-எச்-ஐ போடுகிறவர்களும் உண்டு. பூங்குழலி, தேன்மொழி போன்ற பெயர்களில் ழகரத்துக்கு இசட்-எச் போட்டால் வெளியூர்க்காரர் வாயில் ‘ஸ’ ஆகிவிடும், எல் போட்டால் நம் கண்ணுக்கே ‘பூங்குலலி’ என்று படும். எது சரி என்று வாதாடிப் பயனில்லை. தமிழ் வடிவத்தை முதலில் உறுதி செய்துவிட்டு, ஆங்கிலத்தில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, தாய் தந்தை இருவரும் அதை ஒப்புக்கொண்டபின் விண்ணப்பம் எழுதுங்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை ஏறிய பெயரை மாற்ற முடியாது. பிழைத் திருத்தம் வேறு, பெயர் மாற்றம் வேறு. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 15-ஆம் பிரிவில், பதிவில் உள்ள பிழையைத் திருத்த இடம் கொடுக்கிறது. அப்போதும் மூலப்பதிவை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தம் எழுதி, பதிவாளர் கையெழுத்தும் தேதியும் போடுவார். ஆனால் பிழை நடந்திருக்கிறது என்று காட்ட வேண்டியது நம் பொறுப்பு. “நீங்க சொன்னதைத்தான் போட்டோம்” என்று சொல்லிவிட்டால் நம் கையில் என்ன இருக்கிறது?

எங்களைக் காப்பாற்றியது விண்ணப்பத்தின் நகல். பெயரைத் தமிழிலும், கீழே ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கட்டம் போட்டும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கி வைத்திருந்தோம். முத்திரை போடவே அந்த மனிதருக்கு மனமில்லை. திருத்தம் கேட்டுப் போனபோது “புதுசா அஃபிடவிட் கொண்டு வாங்க” என்றவர், அந்தத் தாளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். முத்திரை தர மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஒப்புதல் கொடுக்கும் முன் திரையைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அடுத்தது இனிஷியல். நம்மூரில் ஒற்றைப் பெயரும் ஓர் எழுத்தும் போதும். பாஸ்போர்ட்டுக்கு அது போதாது, எழுத்தை விரித்துத் தந்தை பெயராகத் தரவேண்டி வரும். ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது சிக்கிக்கொண்டவர்களில் நம்மூர்க்காரர்கள் நிறைய. குழந்தையின் பெயர்க் கட்டத்திலேயே இனிஷியலை ஒட்டுவதா வேண்டாமா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஓர் ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் காணோம் என்று ஆனால் பள்ளிச் சான்றிதழ் வரைக்கும் அந்தக் குழப்பம் தொடரும்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தலைமுறை விட்டுத் தலைமுறை அதே பெயர் வரும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். முத்தையா மகன் கதிரேசன், அவர் மகன் முத்தையா, அவர் மகன் மறுபடி கதிரேசன். தாத்தாவும் மு. கதிரேசன், பேரனும் மு. கதிரேசன். தந்தை பெயரும் ஒன்றே. ஒரே வீட்டு முகவரி. பட்டா, வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, பிற்பாடு வாரிசுச் சான்றிதழ் என்று ஒவ்வோர் இடத்திலும் பிறந்த தேதியைத் தவிர இருவரையும் பிரித்துக்காட்ட எதுவும் இருக்காது. பல பழைய பத்திரங்களில் அந்தத் தேதியும் இருக்காது. பேரன் பெயரோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள். கதிரேசன் என்பதைக் கதிரேசன் ஆதவன் என்று பதிந்தால் தாத்தா பெயருக்கு ஒரு குறையும் வராது. மாமனார் பெயர் சொல்லிக் கூப்பிட மருமகள் தயங்கும் வீடுகளில் கூப்பிட எப்படியும் ஒரு பெயர் தேவைப்படும், அதையே பதிந்துவிடலாம்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடத்துக்கான சான்று இந்தப் பிறப்புச் சான்றிதழ்தான். எனவே திருத்தம் முடிந்து புதுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை ஆதார் எடுக்கப் போகாதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும், அதில் ஒன்றைத் தொட்டில் பிள்ளைக்கே செலவழிப்பானேன்?

அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆதார் பதிவு மையத்தில் ஆங்கிலத்தில் அடித்தால் தமிழ்ப் பெயர் தானாக வரும், பழைய பெயர்கள் அதில் கன்னாபின்னாவென்று வரும். டகரம் தகரமாகும், நெடில் குறிலாகும். ஆபரேட்டர் திரை விசைப்பலகையில் கையால் திருத்தலாம், வழி இருக்கிறது. “அது ஆட்டோமேட்டிக்கா வர்றதுங்க” என்று சமாளிப்பார்கள், விடாதீர்கள். நம் பக்கம் திருப்பி வைத்திருக்கும் இரண்டாவது திரையில் தமிழ்ப் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, பிறகு ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போடுங்கள்.