கூசுகிற பல்

போன மார்கழியில் கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு பாட்டி தன் பேரனைக் கூட்டிக்கொண்டு என் குன்னூர் கிளினிக்குக்கு வந்தார். அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே காலம் கழித்தவர். பையனுக்கு ஒன்பது வயது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை, அதற்குள் ஒரு கிராம்பு.

"பச்சத் தண்ணி பட்டாலே துடிக்கிறான் டாக்டரம்மா. அதான் வெச்சு விட்டேன்" என்றார், திட்டு விழுமோ என்ற பயத்தோடு.

திட்ட என்ன இருக்கிறது? கிராம்பிலுள்ள யூஜினால் வலியை மரக்கச் செய்யும். நாங்களும் அதைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைக்கிறோம். மருந்துக்கும் பல்லின் உள்ளே இருக்கும் உயிருள்ள மென்திசுவான கூழுக்கும் நடுவில், எனாமலுக்கு அடியிலுள்ள கடினமான டென்டின் சுவர் இருக்கிறவரை அது நல்ல மருந்து. சுவர் உடைந்து கூழ் வெளியே தெரியும்போது, அதே யூஜினால் அங்கிருக்கும் செல்களுக்கு நஞ்சு.

கூழ் என்பது வெறும் நரம்பு என்றுதான் நோயாளிகள் நினைக்கிறார்கள். படிக்கிற காலத்தில் நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன். டென்டினைக் கட்டுகிற செல்கள் ஒரு தடவை செத்தால் தாமாகப் பெருகாது. அவற்றின் இடத்துக்கு வர, கூழுக்குள் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், காத்திருக்கின்றன. ஞானப்பல்லின் கூழில் அவை இருப்பது 2000-இல் தெரிய வந்தது. விழுந்த பால்பல்லிலும் இருப்பது 2003-இல். சொத்தையின் அடியில் நாம் எதை வைக்கிறோம் என்பது இவற்றையும் பாதிக்கும்.

இதை நான் ஒரு பல்லைப் பறிகொடுத்துத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இளம்பெண்ணுக்கு ஆழமான சொத்தையைச் சுரண்டினேன். அடித்தளம் ரோஜா நிறத்தில் தெரிந்தது. அதன்மேல் நேராக, ஒளி பட்டால் இறுகும் பிளாஸ்டிக் போன்ற ரெசின் பசையைத் தடவி, பல் நிறத்து ரெசின் அடைப்பான காம்போசிட் வைத்து, நீல ஒளி காட்டி மூடினேன். பார்க்க அழகாக இருந்தது. மூன்றாம் மாதம் ஈறில் சீழ்க்கட்டியோடு வந்தார். உள்ளே கிருமி மிச்சமிருந்திருக்கலாம். பழி முழுவதும் ரெசின்மேல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு ஒளி காட்டினாலும் ரெசின் முழுதாக இறுகுவதில்லை. ரெசினில் இறுகாமல் மிஞ்சும் டெக்டிஎம்ஏ, ஹெமா என்ற மூலக்கூறுகள் மெல்லிய டென்டின் வழியே கசிந்து இறங்கும். ஆய்வகத்தில் அவை குருத்தணுக்களைக் கொல்கின்றன. கொல்லாத அளவிலும் டென்டின் கட்டும் திறனைக் குறைக்கின்றன. அந்தப் பெண்ணின் முகம் இன்னும் மறக்கவில்லை.

பையனின் பல் முளைத்து மூன்று வருடம்தான். எக்ஸ்ரேயில் வேர்நுனி இன்னும் மூடவில்லை. கூழ் செத்தால் வேர் வளர்வதும் நின்றுவிடும். மெல்லிய சுவரோடு எத்தனை வருடம் தாங்கும்? சொத்தையை எடுத்ததும் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளி தெரிந்தது. கிருமிநாசினியான ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சை அழுத்திப் பிடித்தேன். ரத்தம் நிற்கிற அந்தச் சில நிமிடங்கள்தான் எனக்கு எப்போதும் நீளமானவை. நின்றது. கால்சியம் சிலிகேட் சிமெண்டை, ஈர மணல் பதத்தில், அழுத்தாமல் வைத்தேன். இது இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு வெளிவரும். அந்தக் காரத்தன்மை டென்டினுக்குள் உறைந்து கிடக்கும் வளர்ச்சிக் காரணிகளை இளக்கி விடுகிறது. குருத்தணுக்கள் அவற்றின் தடம் பிடித்து வந்து புதிய டென்டின் பாலம் கட்டும். அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் 1993 வாக்கில் எம்டிஏ என்ற இவ்வகைச் சிமெண்ட் வந்தபோது தொடங்கிய வழி இது. எம்டிஏ இறுக மணிக்கணக்கில் ஆகும். பின்னால் வந்த பயோடென்டின் என்ற சிமெண்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். விலைதான் தோட்டக் கூலிக்குக் கட்டாது. இது அரசு மருத்துவமனைகளில் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

பாட்டிக்கு எப்படி விளக்குவதென்று யோசித்து, "உள்ள உயிர் இருக்கு பாட்டி, அது தானா வளந்து மூடிக்கும்" என்றேன்.

"கவாத்து வெட்டுன செடி மாதிரியா? தூரு நல்லா இருந்தா துளிர்த்துரும்" என்றார். பிறகு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து வந்தார்கள். எக்ஸ்ரேயில் சிமெண்டுக்குக் கீழே மெல்லிய வெள்ளைக் கோடு, வேர்நுனி ஒடுங்கியிருந்தது. ஐஸ் குச்சியைப் பல்லில் வைத்தேன். பையன் வெடுக்கென்று தலையை இழுத்தான். எடுத்ததும் சரியாகிவிட்டது.

"இன்னும் கூசுதா டாக்டரம்மா?" பாட்டி பதறிப்போய் எழுந்தார்.

"கூசுது பாட்டி" என்றேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.