லேசர் மீட்டர் வந்துவிட்டது, ஆப்தான் வரவில்லை

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டுக்கு வரைபடம் போடும் வேலை. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். டேப் பிடிக்க ஒரு ஆள், எழுத ஒரு ஆள் என்று மல்லுக்கட்ட வேண்டாமே என்று ப்ளூடூத் உள்ள லேசர் மீட்டர் வாங்கினேன். பொத்தானை அழுத்தினால் அளவு போனில் உள்ள படத்திலேயே ஏறிவிடும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தார்கள்.

மீட்டரில் குறையில்லை. அதற்கான ஆப்பை இறக்கப் பெட்டியிலிருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால்தான் "பக்கம் இல்லை" என்று வந்தது. ப்ளே ஸ்டோரில் தேடினால் அதே பெயர் சாயலில் என்னென்னவோ வருகிறது. ஒன்று திறந்தவுடனே வாரச் சந்தா கேட்டது. கஸ்டமர் கேருக்கு எழுதினேன். பில் படம் கேட்டார்கள், அனுப்பினேன். "ஆப்பை அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள்" என்று பதில். இல்லாத ஆப்பை எங்கே போய் அழிப்பது?

நாலைந்து மெயிலுக்கு அப்புறம் ஒரு ஏபிகே ஃபைல் (ப்ளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப்பை நிறுவும் ஃபைல்) அனுப்பினார்கள். அதையும் என் புதுப் போன் ஏற்கவில்லை. காரைக்குடியில் மொபைல் கடைத் தம்பிதான் காரணம் சொன்னார்: "அண்ணே, இது பழைய 32 பிட் வகை ஆப். உங்க போன் புது 64 பிட் வகை மட்டும்தான் எடுக்கும்." இந்த மாதிரி ஆப்களை 64 பிட் போன்களுக்குக் காட்டுவதை ப்ளே ஸ்டோர் 2021 ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டதாம். அப்படியிருக்க, பெட்டியில் மட்டும் இன்னும் அந்த க்யூஆர் கோடை அச்சடித்து விற்கிறார்கள்!

மச்சான் வீட்டு மேசை டிராயரில் ஆண்ட்ராய்டு 10 போன் ஒன்று கிடந்தது. அதில் ஏபிகே ஏறியது. ஆனால் மீட்டரைத் தேடினால் பட்டியல் காலி. இங்கேதான் பலரும் மாட்டுவார்கள். ஆண்ட்ராய்டு 11 வரை, ப்ளூடூத் கருவியை ஆப் தேட வேண்டுமென்றால் லொகேஷனும் ஆனில் இருக்க வேண்டும். போன் செட்டிங்ஸில் போய் மீட்டரை இணைக்காதீர்கள், ஆப்புக்குள்ளிருந்தே இணையுங்கள். லொகேஷனைப் போட்டதும் மீட்டரின் பெயர் வந்து நின்றது.

வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், தூணுக்குத் தூண் அளந்தேன். தேக்குத் தூண் உருண்டை என்பதால் சிவப்புப் புள்ளி வழுக்கிக்கொண்டு போகிறது. வெள்ளை அட்டையைத் தூணோடு ஒட்டிப் பிடித்தால் நிற்கிறது. உச்சி வெயிலில் புள்ளி தெரியவும் அதுதான் வழி. அந்தக் கனத்த சுவருக்கு அந்தப்புறம் போனை வைத்தால் இணைப்பு அறுந்துவிடும், கூடவே கொண்டுபோக வேண்டும். "ஏந்தம்பி, சுவத்துல என்ன பொட்டு வைக்கிறே?" என்று வீட்டு ஆச்சி கேட்டார்கள். அதற்குள் வளவைச் சுற்றிய அறைகள் எல்லாம் போனில் ஏறிவிட்டிருந்தன.

இந்த வகை மீட்டர் வாங்குகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால், உங்கள் போனிலேயே ப்ளே ஸ்டோரில் ஆப் இருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். ஏபிகே கையில் கிடைத்தால் பென்டிரைவில் ஒரு பிரதி போட்டு வையுங்கள்.