கண்ணகி நகர் முகவரியில் ஒரு குழுக் கடன்

சென்னை கண்ணகி நகர்க்காரர்களுக்கு முகவரிதான் முதல் தலைவலி. கூவம், அடையாறு கரைகளிலிருந்து 2000-லிருந்தே ஆட்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம் இது. 2020-ல் பிளாக் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரைந்தபோது படமெடுக்கக் கூட்டம் வந்தது. ஆனால் வேலைக்கோ கடனுக்கோ போனால் "கண்ணகி நகரா?" என்று இழுப்பது மட்டும் நிற்கவில்லை.

2022-ல் 12 பெண்கள் மகளிர் குழு தொடங்கினோம். இட்லி மாவு அரைத்து விற்பது திட்டம். விடிந்ததும் வேலைக்கு ஓடுகிற வீடுகளில் மாவாட்ட யாருக்கு நேரம்? வெளியிலிருந்து வரும் பாக்கெட்தான். அந்தக் காசு இங்கேயே சுற்றட்டுமே என்று நினைத்தோம்.

வாரம் ஆளுக்கு 50 ரூபாய் சேமிப்பு, அதிலிருந்தே இரண்டு ரூபாய் வட்டிக்கு உள்கடன். தண்டலில் 10,000 கேட்டால் 8,500-தான் கைக்கு வரும். 100 நாள் தினமும் 100 கட்ட வேண்டும். அதை விட்டு வெளியே வந்ததே பெரிய நிம்மதி.

ஆறு மாதம் கழித்து, குழுவுக்குக் கடன் தரலாமா என்று பார்க்க வங்கியில் தர மதிப்பீடு. இங்கே தப்பு என்னுடையது. குழுவை நடத்தும் ஊக்குநராக இருந்த நான், கூட்டத்தில் முடிவானதைக் குறிக்கும் தீர்மான நோட்டை வாராவாரம் எழுதாமல், முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதினேன். அதிகாரி நாலு பக்கம் புரட்டிவிட்டு, "ஆறு மாசமா ஒரே பேனாவாம்மா?" என்றார். மூன்று மாதம் தள்ளிப்போனது. மற்றவர்கள் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அடுத்த முறை நோட்டு சரி. இப்போது, 20,000 டெபாசிட் போட்டால்தான் கடன் என்றார்கள். குழுக் கடனுக்கு 10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது விதி. மாநகராட்சியின் சமுதாய அமைப்பாளர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்த விதி இருக்கும் சுற்றறிக்கையை அச்செடுத்து அதிகாரியின் மேஜையில் வைத்தோம். யாரும் சத்தம் போடவில்லை. பத்தாம் நாள் ஒன்றரை லட்சம் கணக்கில் ஏறியது.

அப்புறம் மாவைச் சாய்த்து ஊற்றுகிற டில்டிங் கிரைண்டர், கடைக்கான மின் இணைப்பு, வருஷத்துக்கு 100 ரூபாய்க்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாம் ஓட்டமாக முடிந்தன. மழைக்காலத்தில் மாவு சரியாகப் பொங்காமல் திரும்பி வருவது மட்டும் இன்னும் தீரவில்லை.

பக்கத்து பிளாக்கில் ஒரு குழு தொடங்குகிறார்கள். நோட்டு எழுதக் கற்றுத்தர என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.