குடிக்காதவனுக்கும் எண் காட்டிய கருவி

இரவில் வண்டி ஓட்டுபவர்களுக்கு போலீஸ் சோதனை புதிதல்ல. தூரத்தில் சிவப்பு விளக்கு அசையும். வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுவோம், கண்ணாடியை இறக்குவோம், லைசென்ஸைக் காட்டுவோம், போகச் சொல்லிவிடுவார்கள். எனக்கும் பெரும்பாலும் அப்படித்தான் முடிந்திருக்கிறது. ஒரு முறை மட்டும், மதுவையே தொடாத என்னைக் குடித்தவன் என்று கருவி காட்டியது. அதிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் ‘ஊதும் சோதனை நமக்கு எதற்கு’ என்று அதைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குத்தான் இது முதலில் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஈறில் ஒரு சின்ன சிகிச்சை முடிந்து, ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் மருந்துத் தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் சொல்லியிருந்தார் பல் மருத்துவர். அன்று வேலை முடியவே நேரமாகிவிட்டது. அங்கேயே சாப்பிட்டு, சொன்னபடி கொப்பளித்துவிட்டுக் கிளம்பினேன். வண்டி பிரதான சாலையில் ஏறியதும் தடுப்புகள் வைத்திருந்தார்கள். யாரையும் தனியாகக் குறிவைத்து நிறுத்தவில்லை. வருகிற வண்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள்.

இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, உள்விளக்கைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்திருந்தேன். இது என் வழக்கம். இருட்டில் ஒரு வண்டியை நெருங்கி வருகிறவருக்கு உள்ளே யார் இருக்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நமக்கு இருக்கும் படபடப்பு அவருக்கும் இருக்கும். உள்விளக்கு எரிந்தாலே பேச்சின் தொனி மாறிவிடுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

“எங்கிருந்து வர்றீங்க?”

சொன்னேன்.

“குடிச்சிருக்கீங்களா?”

“இல்ல சார்.”

“சரி, ஊதுங்க. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் விடாம ஊதணும்.”

புது ஊதுகுழலை என் கண் முன்னாலேயே உறையிலிருந்து பிரித்து மாட்டினார். ஊதினேன். பீப் சத்தம் வந்ததும் திரையைப் பார்த்தவர், என்னை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தார். “இல்லேன்னு சொன்னீங்களே?” என்று கருவியை என் பக்கம் திருப்பினார். எண் வரம்பைத் தாண்டியிருந்தது.

அந்த நொடியில் நெஞ்சு அடித்துக்கொண்டது நிஜம். ‘உங்க மெஷின்தான் தப்பு’ என்று சொல்லத்தான் வாய் வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் குடித்துவிட்டு மாட்டிக்கொண்ட ஒவ்வொருவரும் சொல்வதையே நானும் சொன்னதாகத்தான் அவர் காதில் விழுந்திருக்கும். அதனால் நடந்ததை மட்டும் சொன்னேன். “சார், கிளம்புறதுக்கு முன்னாடிதான் பல்லுக்குக் கொடுத்த மருந்துத் தண்ணில வாய் கொப்பளிச்சேன். பாட்டில் பின்சீட்டுப் பையில இருக்கு. எடுத்துக் காட்டட்டுமா? கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை ஊதுறேன்.”

எடுக்கச் சொன்னார். கேட்காமல் சட்டென்று பைக்குள் கை விட்டிருந்தால் நிலைமை வேறு மாதிரி போயிருக்கலாம். பாட்டிலை வாங்கி டார்ச் அடித்து லேபிளைப் படித்தார். ஆல்கஹால் என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. வாய் கொப்பளிக்கும் திரவங்கள் பலவற்றிலும் அது உண்டு. சிலவற்றில் 20 சதவீதத்துக்கும் மேலே.

கருவி எப்படி ஏமாந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாலையோரத்தில் இன்று அதிகம் புழங்கும் கையடக்கக் கருவிகளுக்குள் ஃபியூயல் செல் என்ற பகுதி இருக்கிறது. ஊதும் காற்றில் ஆல்கஹால் இருந்தால், அங்குள்ள பிளாட்டினத்தின் மேல் பட்டு வேதிவினை நடந்து சிறிதளவு மின்சாரம் உண்டாகும். மின்சாரம் கூடினால் எண்ணும் கூடும். சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில்தான். நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றில் இருப்பதைப் போல 2100 மடங்கு ஆல்கஹால் ரத்தத்தில் இருக்கும் என்பது பல நாடுகளில் பின்பற்றும் கணக்கு. அந்தக் கணக்குக்கு ஆழத்துக் காற்று வேண்டும் என்பதால்தான் நம்மை நீளமாக ஊதச் சொல்கிறார்கள். ஆனால் ஈறிலும் நாக்கிலும் ஒட்டியிருக்கும் திரவத்தின் ஆவி வழியில் சேர்ந்துகொண்டால், அதுவும் நுரையீரலிலிருந்து வந்தது என்றே கருவி எடுத்துக்கொண்டு பெருக்கிவிடும். ரத்தத்தில் துளிகூட இல்லாதவனுக்கு எண் காட்டுவது இப்படித்தான். எத்தில் ஆல்கஹால் சேர்ந்த சில இருமல் மருந்துகளும், ஆஸ்துமாவுக்கான சில இன்ஹேலர்களும் எடுத்தவுடன் ஊதினால் இதே வேலையைச் செய்யும்.

நல்ல விஷயம், வாயில் இருப்பது நிலைக்காது. எச்சில் கழுவிக்கொண்டே இருப்பதால் 15 நிமிடத்தில் அநேகமாக மறைந்துவிடும். ரத்தத்தில் இருப்பதோ அவ்வளவு சீக்கிரம் இறங்காது. இரண்டாவது முறை ஊதும்போது உண்மை தானாக வெளியே வந்துவிடுவதற்கு இதுதான் காரணம். சாட்சியாக ஏற்கப்படும் சோதனைக்கு முன்னால் 15 நிமிடம் ஆளைக் கண்காணிப்பில் வைத்திருக்கும் நடைமுறை அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிறது.

அந்த அதிகாரிக்கு இது தெரிந்திருந்தது. அதற்காக இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறேன். சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, ஓரமாக நிற்கச் சொன்னார். “எதுவும் சாப்பிடாதீங்க, தண்ணி குடிக்காதீங்க, சிகரெட் வேண்டாம்” என்றார். அவர் பார்வை படும் இடத்திலேயே நின்றுகொண்டேன். போனை எடுத்து யாரையும் கூப்பிடவில்லை. காத்திருந்த நேரம் லேசாக இல்லை. போகிற வண்டியெல்லாம் மெதுவாகி என்னைப் பார்த்துக்கொண்டு போயிற்று. குடித்துவிட்டு மாட்டியவன் என்றுதானே நினைப்பார்கள்? எனக்கு அதுதான் எண்ணைவிட அதிகம் வலித்தது.

மறுபடி ஊதினேன். பூஜ்யம். அவர் எதுவும் சொல்லாமல் திரையைக் காட்டினார். “முதல்ல வந்தது பதிவாகியிருக்குமே சார், இதையும் சேர்த்துக் குறிச்சுக்குங்க” என்று கேட்டேன். இதைக் கேட்கத் தயங்கக் கூடாது. பல கருவிகள் ஒவ்வொரு அளவையும் நேரத்தோடு நினைவில் வைத்துக்கொள்ளும். முதல் எண் மட்டும் தனியாக நிற்க விடுவது நமக்கு நல்லதல்ல. இரண்டையும் எழுதிக் காட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டு, “அடுத்த தடவை ஊதறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க” என்றார்.

சொல்லலாம்தான். ஆனால் அந்தக் கேள்வியை அவர்கள் முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘கடைசியாக வாயில் எதுவும் எப்போது போட்டீர்கள்’ என்று ஊதுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்டுவிட்டால் ஒரு நிரபராதி நடுரோட்டில் கூனிக்குறுகி நிற்க வேண்டியதில்லை. போலீசாருக்கும் நேரம் மிச்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘நான்தான் குடிக்கவில்லையே, எதற்கு ஊத வேண்டும்’ என்று மறுத்துவிடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா என்று பல நாடுகளில் தக்க காரணமில்லாமல் ஊத மறுப்பதே தனிக் குற்றம். மூச்சுக் கோளாறு இருந்து நீளமாக ஊத முடியாதவர்கள் அதை உடனே சொல்லிவிட வேண்டும். பாதியில் நின்றால் வேண்டுமென்றே செய்வதாகத் தோன்றும்.

வரம்பும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 100 மில்லி ரத்தத்துக்கு ஸ்வீடனில் 20 மில்லிகிராம், இந்தியாவில் 30, ஜெர்மனியிலும் பிரான்சிலும் பொதுவாக 50, இங்கிலாந்தில் 80. ஓர் ஊரில் தப்பிக்கிற அளவு எல்லை தாண்டினால் குற்றமாகிவிடும்.

குடிக்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை, அக்கறையோடுதான் சொல்கிறேன். அதிகாலைச் சோதனையில் மாட்டுபவர்களில் பலர் ‘ராத்திரி குடிச்சதுதான், தூங்கி எழுந்தாச்சு’ என்பார்கள். உடல் ஆல்கஹாலை 100 மில்லி ரத்தத்துக்கு மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் அளவில்தான் இறக்கும். 150 வரை ஏறியிருந்தால் முழுதாகத் தெளிய ஏறக்குறைய 10 மணி நேரம். காபியோ குளியலோ அதை வேகப்படுத்தாது. என்னுடைய இரண்டாவது எண் பூஜ்யமானது போல அவர்களுடையது ஆகாது. 15 நிமிடம் நின்றாலும் எண் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் காத்திருப்பே.

அதற்கப்புறம் மருத்துவரிடம் சொல்லி ஆல்கஹால் இல்லாத திரவத்துக்கு மாறிவிட்டேன். அப்படியும் கிடைக்கிறது, கேட்டால்தான் தருகிறார்கள். வாயில் எதுவும் போட்டால் 20 நிமிடம் கழித்தே வண்டியை எடுக்கிறேன். இப்போதும் நிறுத்துகிறார்கள், ஊதச் சொல்கிறார்கள். இருமல் மருந்து குடித்த நாளாக இருந்தால், ஊதுகுழலை மாட்டும்போதே சொல்லிவிடுகிறேன். அநேகமாக எல்லோரும் தலையசைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.